சுண்டு விரல் மரத்துப்போன ஆடி மாதம்

மோட்டார் ரீவைண்டிங் வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். ஸ்டேட்டர் என்கிற மோட்டாரின் சுழலாத பாகத்தில் உள்ள ஸ்லாட்டுக்குள் செப்புக் கம்பியை இழை இழையாக இறக்கும்போது, கம்பிமேல் பூசிய எனாமல் எங்காவது உரிந்திருக்கிறதா, கம்பி முறுக்கிக்கொண்டு ஏறுகிறதா என்பதை விரல் நுனிதான் சொல்லும். போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு உட்கார்ந்தபோது, வலது கைச் சுண்டு விரலும் அதை ஒட்டிய மோதிர விரல் பாதியும் பஞ்சு சுற்றியதுபோல் இருந்தன. கம்பி விரலில் தட்டுப்படவே இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைவதுகூட வேறு யாரோ பிசைவதுபோல் இருந்தது.

முந்தின நாள் கோவை வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர், செம்மேடு வழியாக வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரம் வரை மவுண்டன் பைக்கில் போய் வந்திருந்தேன். பாதி தார் ரோடு, பாதி பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இட்டேரி என்கிற மண் தடம். ஆடிக் காற்று எதிரே அடிக்க, உடம்பைக் குனித்துக் கைமேல் பாரத்தைப் போட்டு மிதித்தேன். அன்றைக்குத்தான் வலி புதிதாக வந்தது என்று சொல்ல மாட்டேன். நாலைந்து மாதமாகவே சைக்கிளை விட்டு இறங்கும்போது கையை உதறிக்கொண்டுதான் இருந்தேன். உதறினால் சரியாகிவிடும். இந்த முறை சரியாகவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: கை வலிக்கிறது, மெத்தென்று ஒன்றைப் போடலாம். ஒரு கடையில் ஹேண்டில்பாரின் கைப்பிடி உறையான கிரிப்பில் தடிமனான ஸ்பாஞ்சு வகை வாங்கி மாட்டினேன். அழுத்தினால் பன் மாதிரி அமுங்கும். முதல் பத்து கிலோமீட்டர் சுகமாகவே இருந்தது. அப்புறம் வியர்வையைக் குடித்துக் கொழகொழவென்று சுழல ஆரம்பித்தது. நழுவுகிறதே என்று நான் இன்னும் இறுக்கிப் பிடிக்க, சாயங்காலம் முழங்கை வரை கடுத்தது. ஜெல் வைத்த கையுறை வாங்கினேன். அந்த ஜெல் திண்டு என் உள்ளங்கையில் சரியாக வலிக்கிற இடத்துக்கு மேலேயே உட்கார்ந்தது. எங்கே வலி, எதனால் வலி என்று தெரியாமல் பொருள் வாங்கியதுதான் தப்பு.

வீட்டில் சொன்ன பிறகு பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மாவிடம் போனேன். அவர் கிரிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்து, "விடாமப் புடிச்சுக்கங்க, நான் இழுக்கறேன்" என்றார். இழுத்தபோது காகிதம் போகவில்லை. ஆனால் என் கட்டை விரலின் நுனிக் கணு தானாக மடங்கிக்கொண்டது. இடது கையில் அப்படி மடங்கவில்லை. "பாத்தீங்களா, அந்த எடத்துல வலு குறைஞ்சிருக்குதுங்க. அதான் வேற தசை வந்து இழுத்துப் புடிக்குது" என்று காட்டினார். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது அப்போதுதான். இது வெறும் வலி இல்லை, நரம்பு.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சுண்டு விரலுக்குப் போகும் அல்நார் நரம்பு, மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையின் வெளிப்பக்க அடியில் ஒரு குறுகலான வழியாக நுழைகிறது. அதற்குக் கியோன் கால்வாய் என்று பெயர். நாம் ஹேண்டில்பாரில் பாரத்தைப் போட்டு ஊன்றுவது அந்த இடத்தில்தான். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருவதால் ஹேண்டில்பார் பால்சி என்றே சொல்கிறார்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, மீடியன். அது மணிக்கட்டின் நடுவில் போகிறது. மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தே இருந்தால் அது நெருக்கப்படும். ஆக, எந்த விரல் மரக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஆறு வாரம் சைக்கிளைத் தொட வேண்டாம் என்றார். தொடவில்லை.

அந்த ஆறு வாரத்தில் உட்கார்ந்து அளந்தேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வெர்னியரை எடுத்துக் கிரிப் கழற்றிய பாரை அளந்தார்: 22.2 மில்லிமீட்டர். பெரும்பாலான மவுண்டன் பைக்குகளுக்கு இதுதான் அளவு. சைக்கிளோடு வந்த கிரிப் 30. நான் வாங்கிய ஸ்பாஞ்சு 36-க்கு மேல். "ஏந்தம்பி, உன்ற கை இத்தனூண்டு இருக்குது, இத்தாப்பெரிய உருளையப் புடிச்சா இறுக்காம என்ன பண்ணும்?" என்றார். அவர் பட்டறையில் மெஷின் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டையாகக் கிடக்கும். அதிலிருந்து நீளத் துண்டாகக் கிழித்துப் பாரில் சுற்றச் சொன்னார். ஒரு சுற்று கூட்டுவது, பிடித்துப் பார்ப்பது, அளப்பது. 34-ல் விரல் நுனிக்கும் கட்டை விரலின் அடிமேட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. 28-ல் நகம் உள்ளங்கையில் குத்தியது. 32-ஐ ஒட்டி விரல் நுனி அடிமேட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கை தளர்ந்தது. பத்துப் பைசா செலவில்லாமல் என் அளவு தெரிந்துவிட்டது. கிரிப் வாங்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் பனியன் துணியைத்தான்.

தடிமன் சரி, ஆனால் உருளையாக இருக்கும்வரை பாரம் அந்த ஒரே இடத்தில்தான் இறங்கும். அதனால் இறக்கை வைத்த கிரிப் பக்கம் போனேன். வெளி ஓரத்தில் தட்டையாக விரிந்து உள்ளங்கையின் அடியைத் தாங்கும் வகை. முதலில் வாங்கியது விலை குறைந்த ஒன்று. அதில் இறுக்கும் வளையமே இல்லை, வெறுமனே உள்ளே தள்ளி மாட்டுவது. இறக்கை உள்ள கிரிப்புக்கு இது ஆகவே ஆகாது. பாரம் ஏறினால் இறக்கை மெல்லக் கீழே சுழன்று போகிறது, கூடவே மணிக்கட்டும் மடிகிறது. பிறகு எர்கான் ஜிபி1 வாங்கினேன். ஜெர்மன் கம்பெனி. சிறிது, பெரிது என்று இரண்டு அளவில் வருகிறது. என் கைக்குச் சிறிது. ஒரு வளையத்தில் ஆலன் போல்ட், அதை முடுக்கினால் அசையாது. விலை இரண்டாயிரத்துக்கு மேல். கை தொழிலுக்கு வேண்டும் என்கிறவன் இதில் யோசிக்கக் கூடாது.

பழைய கிரிப்பைக் கழற்றுவதற்கு ஒரு வழி: பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் காற்றைக் கிரிப்பின் ஓரத்தில் நுழைத்தால் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு தானே வழுக்கி வரும். கத்தி வைத்து அறுக்க வேண்டியதில்லை.

புதுக் கிரிப் மாட்டிய பிறகும் வலி முழுசாகப் போகவில்லை. சுண்டு விரல் தேறியது. ஆனால் மணிக்கட்டின் மேல்பக்கம் கடுத்தது. இறக்கையைச் சும்மா தோராயமாக வைத்திருந்தேன். அதைச் சரிசெய்யும் முறை இது: சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஓட்டும்போது உட்காருவதுபோலவே உட்கார்ந்து, முழங்கையிலிருந்து விரல் கணு வரை ஒரே நேர்கோடாக வருகிறதா என்று வேறு ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். எனக்கு என் மகள்தான் பார்த்தாள். "அப்பா, இங்க மடிஞ்சிருக்குது" என்று மணிக்கட்டில் விரலை வைத்தாள். இறக்கையை நாலைந்து டிகிரி மேலே ஏற்றினேன். அப்போதும் பிரேக்கில் விரல் வைத்தால் மடிந்தது. பார்த்தால் பிரேக் லீவர் ஏறக்குறைய தரைக்குச் சமமாக நின்றது. சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அப்படியே. அதைத் தொட விரலை மேலே தூக்க வேண்டும், மணிக்கட்டு பின்னால் மடியும். இறங்குமுகத்தில் முழு நேரமும் விரல் பிரேக்கில்தானே இருக்கும்! லீவரைக் கை நீளும் சாய்வுக்குக் கீழே இறக்கி, சற்று உள்ளே தள்ளி வைத்தேன், ஒரே விரல் லீவரின் நுனியில் விழும்படி. இது காசில்லாத வேலை. கிரிப் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது சீட். மூக்குப் பக்கம் கீழே சாய்ந்திருந்தது. நான்தான் எப்போதோ சாய்த்திருந்தேன். அப்படிச் சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கை ஊன்றும். பக்கத்து வீட்டில் வேலை பார்த்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துச் சமன் செய்தேன். டயர் காற்றையும் கொஞ்சம் குறைத்தேன், இட்டேரி அதிர்ச்சியில் பாதி அங்கேயே அடங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இறக்கை எல்லோருக்கும் இல்லை. என்னோடு வருகிற ஒரு தம்பி எந்நேரமும் எழுந்து நின்று கல்லும் வேருமான பாதையில் குதித்து இறங்குகிறவன். அவனுக்குப் பெரிய இறக்கை கையை நகர்த்த விடுவதில்லை. 32 மில்லிமீட்டர் சிலிகான் உருளைதான் அவனுக்குச் சரிப்பட்டது. உட்கார்ந்தே நெடுந்தூரம் மிதிக்கிற என் மாதிரி ஆளுக்குத்தான் இறக்கை. யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்காமல் கிரிப் சொல்லக் கூடாது.

ஐப்பசியில் மறுபடியும் பூண்டி போய் வந்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை எடுத்து விரலை விரித்து மடக்கச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. அதை இப்போதும் விடவில்லை. காகிதச் சோதனையில் கட்டை விரல் இப்போது மடங்குவதில்லை. சுண்டு விரலின் நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம். நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். நேற்று ஒரு ஸ்டேட்டருக்குக் கம்பி இறக்கும்போது எனாமல் உரிந்த இடம் ஒன்று தட்டுப்பட்டது. மோதிர விரலில்தான் தெரிந்தது. அந்தச் சுருளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு கம்பி எடுத்தேன்.