தராசுத் தட்டும் வேடியப்பன் கல்லும்

கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் அமெரிக்கா வந்த பெண்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். கணவருக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி, நமக்கு வீடு. 2015 முதல் சிலருக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. ஆனால் அதற்குக் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் தாண்டவில்லை. காவேரிப்பட்டணத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவள் நான். வர்ஜீனியாவில் என் ஆங்கிலம் கடையில் சொல்லும் நன்றியோடு அன்றைக்கு முடிந்துவிடும். குளிர்காலத்தில் அதுவும் இல்லை.

எதிர் வீட்டுத் தஞ்சாவூர் அக்காதான் வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் பற்றிச் சொன்னார். 1941-இல் திறந்த கலைக்கூடம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்காக இணையவழியில் ஓவிய உரையாடல்களும் நடத்துகிறார்கள், அதுவும் இலவசம். பெயரைப் பதிவு செய்தால் போதும். சின்னக் குழு, சுமார் ஒரு மணி நேரம், பெரும்பாலும் ஒரே படம். கலை பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதில் விரிவுரை கிடையாது. நடத்துபவர் படத்தைத் திரையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லோரையும் பேசாமல் பார்க்கச் சொல்வார். பிறகு கேள்விகள் வரும். என்ன தெரிகிறது? அதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? இன்னும் என்ன தெரிந்துகொள்ள ஆசை? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஸீரோ என்ற ஆய்வுக்குழு வகுத்த முறை இது. யாராவது ஒன்று சொன்னால், படத்தில் எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று உடனே கேட்பார்கள். ஓவியர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இந்த வரிசைதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். தகவலை முதலில் சொல்லிவிட்டால் படித்தவர்கள் மட்டும்தான் பேசுவார்கள்.

நான் வாய் திறந்தது டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ‘தராசு ஏந்திய பெண்’ படத்துக்கு. 1664 வாக்கில் வரைந்தது, நாற்பது சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத சின்னப் படம். வெள்ளை ரோமக்கரை வைத்த நீலச் சட்டை போட்ட ஒரு பெண், இடப்பக்கச் சன்னல் வெளிச்சத்தில் சின்னத் தராசைப் பிடித்து நிற்கிறாள். மேசையில் முத்தும் தங்கச் சங்கிலியும் கிடக்கின்றன. அவளுக்குப் பின்னால் சுவரில், கிறிஸ்தவர்கள் நம்பும் இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியம். முத்தை நிறுக்கிறாள் என்றார் ஒருவர், தங்கத்தை என்றார் இன்னொருவர். எனக்குப் பத்தர் கடை நினைவுக்கு வந்தது. பத்தர் முதலில் வெறும் தராசைத் தூக்கிக் காட்டுவார். முள் நடுவில் நின்ற பிறகுதான் நகை தட்டுக்குப் போகும். இந்தப் பெண் இன்னும் எதையும் வைக்கவில்லை, தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று சொன்னேன்.

நடத்தியவர் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தட்டுகள் காலி. 1696-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தப் படம் ஏலத்துக்கு வந்தபோது தங்கம் நிறுக்கும் பெண் என்றுதான் எழுதியிருந்தார்களாம். பிற்காலத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துத்தான் தட்டில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்திருக்கிறார்கள். அப்புறம் அரை மணி நேரம் பேச்சு அதைச் சுற்றியே போனது. பின்னால் தீர்ப்பு நாள், முன்னால் ஒன்றுமே இல்லாத தராசு, அப்படியானால் அவள் எதை எடை போடுகிறாள்? ஒரு முதியவர் என்னிடம் அந்தப் பத்தர் முறையை இன்னொரு தடவை விளக்கச் சொன்னார். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மாம்பழ சீசனில் ஊருக்குப் போயிருந்தபோதும் விடவில்லை. வாஷிங்டனில் பகல் 12 மணி என்றால் கோடையில் நம் ஊரில் இரவு 9.30. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு லியோனார்டோ டா வின்சியின் ‘ஜினெவ்ரா தெ பென்சி’. அமெரிக்கக் கண்டங்களிலேயே பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் ஒரே லியோனார்டோ ஓவியம் அது. வெளுத்த முகம், பின்னால் முள் மாதிரி இலைகள் அடர்ந்த ஜூனிப்பர் புதர்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு கழுத்துல காதுல ஒண்ணுமே இல்லையே, வசதி இல்லாத வீடா?” என்றார் அம்மா. அப்புறம் அவரே, “இல்லல்ல, துணியப் பாத்தா அப்படித் தெரியல. நகை வேணாம்னு இவளே சொல்லியிருப்பா” என்றார்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஜினெவ்ரா வசதியான வங்கிக்காரர் வீட்டுப் பெண், பதினாறு வயதில் கல்யாணம் ஆனவள், கவிதை எழுதியவள் என்று நடத்தியவர் பிறகு சொன்னார். படத்தின் அடிப்பகுதி பின்னாளில் வெட்டப்பட்டுவிட்டது, கைகள் அதில் இருந்திருக்கலாம் என்றதும் அம்மாவுக்கு ஒரே வருத்தம். “கையில வளையல் இருந்துதான்னு இனிமே யாரு பாக்கறது?”

மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் நடுகற்களைச் சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இதே மாதிரிக் கற்களை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். கும்பிடும்போது மஞ்சளும் குங்குமமும் தெரியும், செதுக்கியது கண்ணில் படாது. அன்றைக்கு ஒரு கல்லின் முன் நின்று அதே கேள்விகளை அம்மாவிடம் கேட்டேன். வலக்கையில் வாள், இடக்கையில் வில், பக்கவாட்டில் முடிந்த கொண்டை, உடம்பில் தைத்த அம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாடு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஆநிரை மீட்கும் சண்டையில் செத்த வீரனுக்கு வைத்த கல் என்று பலகை சொல்வதற்கு முன்பே, மாட்டுக்காகச் செத்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கல்லில் இருந்த வட்டெழுத்து என்ற பழைய எழுத்தைப் படிக்க எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனாலும் கல்லில் அவ்வளவு விஷயம் இருந்தது.

இப்படி ஒரு உரையாடல் நம் அருங்காட்சியகங்களில் தமிழில் நடக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை. பெரிய செலவு இல்லை. நல்ல படம், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், பேச வரும் சிலர், அவ்வளவுதான். யாராவது தொடங்கும்வரை காத்திருக்காமல் வர்ஜீனியாவிலிருந்து நானே ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஓசூர்ச் சித்தி பெண், தஞ்சாவூர் அக்கா, என்னைப் போலவே எச்-4 விசாவில் வந்த சில தோழிகள், அப்புறம் அம்மா. ஒரு வாரத்துக்கு ஒரு கல், பதில் சொல்பவர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். அடுத்து அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களை எடுத்துக்கொள்ளப் போகிறோம். தம்பி நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.