இலவசச் சீட்டுக்கு 14,800 ரூபாய்: எல்கேஜியில் சேர்த்த எங்கள் அனுபவம்

2024 மே 28ஆம் தேதி குலுக்கலில் எங்கள் பாப்பாவின் பெயர் வந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) தனியார் பள்ளிகள் இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். பள்ளி வளாகத்தில் கல்வித் துறையிலிருந்து வந்த ஒருவர் முன்னிலையில் சீட்டுகளை ஒரு வாளியில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏழாவது சீட்டு எங்களுடையது. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இனி எட்டாம் வகுப்பு வரை படிப்புச் செலவு பற்றிக் கவலை இல்லை என்றுதான் நினைத்தோம்.

அதற்கு முந்தைய ஒரு மாதமும் அலைச்சல்தான். ஏப்ரல் 22 முதல் மே 20 வரை ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருப்பிடச் சான்று எல்லாம் கையில் இருந்தன. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பித்ததால், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் என்பதற்கான சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கும் விஏஓ அலுவலகத்துக்கும் இரண்டு வாரம் நடந்தேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இழுத்தடித்தாலும் நடந்துவிடும் வேலை அது. எங்களுக்குச் சிக்கல் வந்தது சீட்டு கிடைத்த பிறகுதான்.

ஜூன் 10 பள்ளி திறப்பு. அதற்கு நாலு நாள் முன்பு பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ஃபீஸ் கட்டிட்டு புக்ஸ் வாங்கிக்கங்க" என்றார்கள். ஆர்டிஇ பிள்ளை என்று சொன்னேன். "தெரியும்மா, நேர்ல வாங்க" என்றார்கள்.

போனேன். ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக் காட்டினார்கள். புத்தகம், நோட்டு 4,200. சீருடை இரண்டு செட் 3,100. ஸ்மார்ட் கிளாஸ் 2,500. ஆக்டிவிட்டி 3,000. மெயின்டனன்ஸ் 2,000. மொத்தம் 14,800 ரூபாய். வேன் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டதால் அது இதில் இல்லை.

"டியூஷன் ஃபீஸ் மட்டும்தாம்மா ஃப்ரீ. மத்ததெல்லாம் எல்லா பேரன்ட்ஸும் கட்டறதுதான்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை, ரொம்ப இயல்பாகச் சொன்னார். அதனாலேயே எனக்கு எதிர்த்துக் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தாளைக் கேட்டேன், தரவில்லை. கம்மலை அடகு வைத்து 5,000 கட்டினோம். ரசீது கேட்டதற்கு, முழுசாகக் கட்டிய பிறகு சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். சீருடை மட்டும் கிடைத்தது.

என்னைப் போலவே நிறையப் பெற்றோர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்டது வாய்வழியாக, கொடுத்தது ரொக்கமாக, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாளைக்கு யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆனது. மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் வண்ணம் தீட்டும்போது பாப்பாவுக்கு மட்டும் வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அது புரியவில்லை. "எனக்கு எப்போம்மா யானை புக் தருவாங்க?" என்று தினமும் கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கம்மலையும் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஜூலை முதல் வாரத்தில் டைரியில் மிஸ் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். மொத்தம் 14,800, கட்டியது 5,000, பாக்கி 9,800, ஜூலை 15க்குள் கட்டவும். கீழே கையெழுத்து, தேதி. எனக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் டைரியைக் காட்டி அழுதேவிட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா அழற? ரசீது இல்ல, ரசீது இல்லன்னு சொன்னியே. இதோ அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்களே. முதல்ல இதை ஜெராக்ஸ் எடு. இனிமே அவங்ககிட்ட வாயால பேசாத. எழுதிக் கேளு."

அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே அவர் சொன்ன அந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

அவரிடம் சட்டத்தின் தமிழ்ப் பிரதி இருந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 12(1)(சி)தான் தனியார் பள்ளிகள் 25 சதவீத இடம் தர வேண்டும் என்று சொல்கிறது. அதே பிரிவின் கீழே ஒரு வரம்புரை இருக்கிறது: பள்ளியில் முன்பருவக் கல்வி நடந்தால், அதில் சேர்வதற்கும் இது பொருந்தும். இந்த ஒரு வரியை எல்கேஜி பெற்றோர் கண்டிப்பாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மத்திய விதிகள் 2010இல் 5ஆம் விதி, இப்படிச் சேர்ந்த பிள்ளைக்குப் புத்தகம், எழுதுபொருள், சீருடை மூன்றும் இலவசம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்புறம், பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும், நன்கொடை என்று வாங்கினாலும், சட்டம் அதை 'தலைவரி' (கேப்பிடேஷன்) கட்டணம் என்கிறது. பிரிவு 13இன்படி, வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

தலைமை ஆசிரியைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். குற்றம் சாட்டவில்லை. மூன்று கேள்விகள் மட்டும். இந்த 14,800 ரூபாயில் ஒவ்வொரு தொகையும் எந்த விதியின்படி கேட்கப்படுகிறது? இவற்றைக் கட்டண நிர்ணயக் குழு அனுமதித்திருக்கிறதா? கட்டிய 5,000 ரூபாய்க்கு எப்போது ரசீது தருவீர்கள்? தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கடிதத்தை அலுவலகத்தில் வாங்க மறுத்தார்கள். அன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் பள்ளி முத்திரையோடு அட்டை திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் தாளாளர் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர்தான் போக வேண்டியிருந்தது. "உங்களுக்கு இங்க திருப்தி இல்லன்னா வேற ஸ்கூல் பார்த்துக்கங்க" என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "விட்டுடலாமா? பாப்பாவை எதாவது பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார். எனக்கும் அதே பயம்தான். நாம் வெளியே சண்டை போடுகிறோம், உள்ளே மூன்றரை வயசுக் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறது. பல பெற்றோர் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான், அறியாமை இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நானே போனேன். தாளாளர் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, இந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான், எல்கேஜிக்குப் பொருந்தாது. நான் அந்த வரம்புரையை எடுத்துக் காட்டினேன். "எல்கேஜிக்குப் பொருந்தாதுன்னா, சார், எந்தச் சட்டத்துல எங்க பாப்பாவுக்குக் குலுக்கல்ல சீட் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம், அரசாங்கம் பணம் தராமல் பாக்கி வைத்திருக்கிறது. இதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பிரிவு 12(2)இன்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு பள்ளிக்குப் பணம் தர வேண்டும். அரசு தன் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் தொகை, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. அந்தப் பணம் தாமதமாக வருவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா திட்ட நிதி நின்றுபோன தகராறில் 2025ஆம் ஆண்டுச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. சின்னப் பள்ளிகள் சம்பளம் கொடுக்கத் திணறுவதும் உண்மை. ஆனால் அது பள்ளிக்கும் அரசுக்கும் இடையில் உள்ள கணக்கு. அதை என் கம்மலில் வந்து தீர்ப்பது எப்படிச் சரி?

14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதச் சொன்னார்கள். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். சரியான அலுவலகத்துக்குப் போன பிறகும், "ஸ்கூல்லயே பேசி முடிச்சுக்கங்கம்மா" என்றுதான் சொன்னார்கள். இரண்டு தடவை அதே பதில்.

மூன்றாவது தடவை அங்கே போகவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். மனு ஒன்றரைப் பக்கம். டைரிக் குறிப்பின் நகல், சேர்க்கை உறுதியான குறுஞ்செய்தியின் அச்சுப் பிரதி, பள்ளிக்கு அனுப்பிய கடிதம், ஒப்புகை அட்டை நகல், இவ்வளவுதான் இணைத்தேன். கடைசியில் மூன்று கோரிக்கைகள்: பாக்கி என்று கேட்பதை நிறுத்த வேண்டும், கட்டியதைத் திருப்பித் தர வேண்டும், குழந்தைக்குப் புத்தகம் தர வேண்டும். நம்முடைய கஷ்டம் எல்லாவற்றையும் மனுவில் எழுத ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வரிசையில் நின்று பார்த்தால் தெரியும், ஒரு மனுவைப் படிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. என்ன வேண்டும் என்பது முதல் பார்வையில் தெரிய வேண்டும். மனு எண் போட்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள்.

அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளிடம் புத்தகம், ஸ்மார்ட் கிளாஸ், பராமரிப்பு என்று பணம் வாங்க இந்தப் பள்ளிக்கு அனுமதி ஆணை ஏதாவது இருக்கிறதா, இருந்தால் நகல் தரவும் என்று கேட்டிருந்தேன். 30 நாளைக்குள் பதில் வந்தது. அப்படி எந்த ஆணையும் வழங்கப்படவில்லை என்று ஒரே வரி. அந்த வரியை மனு எண்ணோடு சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

செப்டம்பரில் இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பள்ளித் தரப்பில் யாரும் பணம் கேட்கவே இல்லை என்றார்கள். நான் டைரியை மேசையில் வைத்தேன். நகலை இல்லை, டைரியையே. அலுவலர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். விசாரணை அதற்கு மேல் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

பாக்கி 9,800 ரூபாயைக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளே பாப்பாவுக்குப் புத்தகங்கள் வந்தன. யானைப் படம் போட்டதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். கட்டிய 5,000இல் சீருடைக்கு 3,100 போக 1,900 ரூபாய் காசோலையாக வந்தது. சீருடை நாங்களே விரும்பி வாங்கியது என்று சாதித்துவிட்டார்கள். அப்போது எனக்கும் ஓய்ந்துபோய்விட்டது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றுவரை உறுத்துகிறது.

நான் பயந்தது போல் பாப்பாவை யாரும் ஒன்றும் செய்யவில்லை. டைரியில் எழுதிய மிஸ் ஒரு நாள் வாசலில் பார்த்து, "எழுதச் சொன்னாங்க, எழுதினேன்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

2023லேயே சென்னை உயர் நீதிமன்றம், இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவரிடம் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பள்ளி பணம் கேட்கக் கூடாது, அதையும் அரசே ஏற்க வேண்டும் என்று சொல்லியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாளிதழில் வந்த அந்தச் செய்தியை நகலெடுத்து, ஒரு கடிதத்தோடு, யுகேஜி தொடங்கும் முன்பே பள்ளிக்குத் தபாலில் அனுப்பினேன். 2025 ஜூனில் எதையும் கேட்கவில்லை. புத்தகமும் சீருடையும் முதல் நாளே கொடுத்தார்கள்.

அந்த 3,100 ரூபாய்க்குப் புதிதாக ஒரு மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. மனு எண்ணை அதே பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.