மலைமேல் ஒரு விசாட் இணைப்பு: மூன்றரை மாத அலைச்சலின் கணக்கு

கொல்லிமலையில் உள்ள எங்கள் மிளகுக் கொள்முதல் மையத்தின் கூரையில் ஒரு டிஷ் நிற்கிறது. அதன் வழியாகச் செயற்கைக்கோள் இணையம், அதாவது விசாட், ஓடத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் மூன்றரை மாதம் நான் அலைந்தேன். இதே வேலையில் இறங்கப்போகும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும், மலைக் கிராமங்களில் கடையோ கிடங்கோ வைத்திருப்பவர்களுக்கும் அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விசாட் என்றால் என்ன, மாதக் கட்டணம் எப்படி என்பதெல்லாம் விற்பனையாளர்களே மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் செல்போன் கோபுரம் இருக்கிறது. எங்கள் மையம் அங்கிருந்து இரண்டு மடிப்பு மலை தாண்டி உள்ளே இருப்பதால் சிக்னல் எட்டாது. கொச்சி வியாபாரிக்கு இரண்டு மூட்டை உலர்ந்த மிளகு ஏற்றினாலே மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டிவிடும், மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு இ-வே பில், அதாவது ஜிஎஸ்டி விதிப்படி இணையத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு, இல்லாமல் வண்டி நகரக்கூடாது. வண்டி எண் ஏற்றாத பில் செல்லாது என்பதால், எந்த வண்டி வருகிறது என்று தெரிந்த பிறகு ஒரு பையன் பைக்கில் செம்மேடு போய்ப் பில் எடுத்துத் திரும்பி வர வேண்டும். அறுவடைக் காலத்தில் இது தினசரி வேலையாகிவிட்டது. இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டு அக்டோபரில் ஒரு விசாட் சேவை நிறுவனத்திடம் விண்ணப்பித்தோம்.

முதல் சிக்கல் முகவரியில் வந்தது. எங்கள் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் நாமக்கல்லில் இருக்கிறது. மலையில் உள்ள மையம் வாடகைக் கட்டடம். தொலைபேசியில் பேசிய விற்பனைப் பிரிவுக்காரர், "எல்லாம் ஆன்லைன் சார், ஒரு மணி நேர வேலை" என்று சொல்லியிருந்தார். பத்து நாள் பதில் வராததால் அந்தச் சேவை நிறுவனத்தின் சேலம் கிளைக்கு நேரில் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. அங்கிருந்த எழுத்தர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்த அட்ரஸ்ல உங்க கம்பெனி இருக்குன்னு எதுல சார் இருக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஜிஎஸ்டி பதிவில் மலை மையத்தைக் கூடுதல் வணிக இடமாக நாங்கள் சேர்க்கவே இல்லை. அது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியைப் பத்து நாளில் ஒரு முறையாவது தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.

வணிக இடத்தைச் சேர்ப்பது பெயரளவுத் திருத்தம் அன்று. அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அதற்குப் பதினைந்து வேலை நாள் வரை ஆகலாம். ஒப்புதல் வந்ததும் மறுபடி சேலம் போனேன். இந்த முறை அதே எழுத்தர் மின்கட்டண ரசீதைத் தூக்கிக் காட்டினார். ரசீதில் இருந்த பெயர் எங்களுக்கு வாடகைக்கு விட்டவருடையது அன்று, இறந்துபோன அவருடைய தகப்பனாருடையது. கிராமத்தில் பாதி வீட்டு மீட்டர்கள் அப்படித்தான் இருக்கும். வாரிசுச் சான்றின் நகலும், மற்ற இரண்டு வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதமும், கூரையில் டிஷ் நிறுத்த அனுமதிக் கடிதமும் வேண்டும் என்றார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன். "அன்னிக்கு முதல் பேப்பரே சரியில்லையே சார், அடுத்ததை எதுக்குப் பார்க்கணும்?" என்றார். வாரிசுகளில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் தீபாவளிக்கு வந்தபோதுதான் கையெழுத்து வாங்க முடிந்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே மின் ரசீது, வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரும் கதவு எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலைவரிசை உரிமம், விண்வெளித் துறை சார்ந்த அனுமதி என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். அதெல்லாம் சேவை நிறுவனத்தின் பொறுப்பு.

இட ஆய்வு ஒரே மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் ஊரில் மிளகுக் கொடி படர்வதே சில்வர் ஓக் மரங்களில்தான், அதனால் மரம் மறைக்குமே என்று நான் பயந்திருந்தேன். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் ஏறக்குறைய வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. எங்களுடையது தென்மேற்கில் சுமார் 60 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அந்தக் கணக்கில், டிஷ் வைக்கும் மட்டத்துக்கு மேல் 50 அடி உயரும் மரம் 30 அடி தள்ளி இருந்தாலே போதும். ஒரு கிளையை மட்டும் கழித்தோம். மரம் வளரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

டிசம்பரில் பெட்டிகள் வந்தன. ஜீப்பில் டிஷ்ஷைக் கட்டி ஏற்றி வந்து இறக்கினோம். பெட்டி இறங்கிய அன்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நிறுவ வந்த பொறியாளர் இருபத்தைந்து வயதுத் தம்பி, வேலையில் கெட்டிக்காரர். டிஷ் தாங்கியை நிறுத்தினார், காங்கிரீட் கட்டைகளை அடுக்கினார், கேபிளை இழுத்தார். பிறகு மல்ட்டிமீட்டரை எடுத்து மோடம் வைக்கும் இடத்துப் பிளக்கில் செருகினார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட், அது சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 11 வோல்ட் காட்டியது. இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் மோடத்தைப் போடுவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். "இந்த எர்த்துல போட்டா முதல் இடிக்கே மோடம் போயிடும் சார், வாரண்டியும் கிடைக்காது." வேலை அறிக்கையில் 'இடம் தயாராக இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். மறுவருகைக் கட்டணம் எங்கள் கணக்கில் ஏறியது. ஆய்வு அறிக்கையின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் எர்த் பற்றி ஒரு வரி இருந்ததை அன்று இரவுதான் கண்டுபிடித்தேன். ஆய்வுக்கு வந்தவர் கையில் மீட்டரே கொண்டுவரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

செம்மேட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டி வந்தேன். கட்டடத்துக்குப் பின்னால் குழி தோண்டினால் நான்கடியில் பாறை. இடம் மாற்றி இன்னொரு குழி, அங்கும் பாறை. மூன்றாவதாக, மிளகைக் கழுவிய தண்ணீர் வழிந்து ஓடும் களத்தின் கீழ்ப்பக்கத்தை அவரே காட்டி, "எப்பவும் ஈரமா இருக்கிற இடம்தானுங்க எர்த்துக்கு நல்லது" என்றார். எட்டடி இறங்கியது. குழாயை நட்டு, கரித்தூளும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் அளந்தபோது 1.6 வோல்ட் காட்டியது. அவர் அந்த மீட்டரைக் களத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். எங்களுக்கு ஆன செலவு மறுவருகைக் கட்டணத்தைவிடக் குறைவு. விண்ணப்பிப்பதற்கு முன்பே எர்த்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் குழிக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் விடுங்கள். கரண்ட் இருக்கும்போதும் மின்சாரத்தைச் சீராக்கியே தரும் 'ஆன்லைன்' வகை யுபிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொங்கல் கழித்துப் பொறியாளர் மறுபடி வந்தார். டிஷ்ஷைத் திருப்பிச் செயற்கைக்கோளின் சமிக்ஞையைப் பிடிப்பது இருபது நிமிட வேலையாக முடிந்தது. அதன் பிறகு எங்களிடமிருந்து மேலே அனுப்புவதற்குச் சேவை நிறுவனத்தின் தரை நிலையம், அவர்கள் பேச்சில் ஹப், அனுமதி தர வேண்டும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவி சரியான கோணத்தில் திரும்பியிருக்காவிட்டால் நம் சமிக்ஞை பக்கத்து வாடிக்கையாளரின் பாதையில் கசிந்து அவர் இணைப்பைக் கெடுக்கும். அதனால் ஹப்பில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் சொல்லச் சொல்ல, இங்கே ஒருவர் கருவியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இதற்குக் கிராஸ்-போல் சோதனை என்று பெயர்.

தொலைபேசியில் சொல்லச் சொல்ல! தொலைபேசி எடுக்காத இடம் என்பதால்தானே ஐயா இந்த டிஷ்ஷே?

மையத்திலிருந்து நானூறு மீட்டர் தள்ளி ஒரு பாறை மேட்டில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் வரும். நான் அங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜீப் ஓட்டுநர் பாதி வழியில் நின்றார். பொறியாளர் கூரையில் இருந்தார். ஹப்பில் இருந்தவர் சொல்வதை நான் கத்த, ஓட்டுநர் அதைக் கூரைக்குக் கத்தினார். கசிவு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவு 30 டெசிபல் வேண்டும், 27-ல் இருந்தது. "இடது பக்கம் கொஞ்சம்" என்று செய்தி வந்தது. நான் கத்தினேன், அவரும் கத்தினார், 27 என்பது 19 ஆகிவிட்டது. ஹப்காரர் சொன்ன இடது டிஷ்ஷின் பின்னால் நின்று பார்ப்பவரின் இடது. ஓட்டுநரோ டிஷ்ஷுக்கு முன்னால் நின்றுகொண்டு தன் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். இது புரிவதற்குள் முக்கால் மணி நேரம் போய், என் தொண்டையும் போய்விட்டது. அதன் பிறகு இடது, வலது என்பதை விட்டுவிட்டு, "களத்துப் பக்கம்", "மாட்டுக் கொட்டாய்ப் பக்கம்" என்று மாற்றிக்கொண்டோம். "களத்துப் பக்கம் ஒரு நூல்" என்ற கடைசிக் கத்தலில் 31 வந்தது. ஹப்காரர், "ஓகே சார், லாக் பண்ணிடுங்க" என்று சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் இடத்திலும் சிக்னல் இல்லையென்றால் இந்தச் சோதனையை மோடமே தானாகச் செய்துகொள்ளுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்; செய்யாதென்றால், ஒரு ஜோடி வாக்கி-டாக்கி கொண்டுவரச் சொல்லுங்கள்.

அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தோம். முதல் மிளகு வண்டி வந்து நின்றது. இ-வே பில் தளம் திறந்தது. பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் போட்டாயிற்று. ஓடிபி கேட்டது. 2025 ஏப்ரல் முதல் எல்லா வணிகருக்கும் இந்த இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி குறுஞ்செய்தியாக என் செல்போனுக்கு வர வேண்டும், செல்போனிலோ ஒரு கோடுகூட இல்லை. பாறை மேட்டுக்கு ஓடி, எண்ணைப் பார்த்துத் திரும்பி ஓடி வருவதற்குள் அது காலாவதியாகிவிட்டது. அன்றைக்கும் பையன் பைக்கில் செம்மேடுதான் போனான்.

இதற்கு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. இ-வே பில் தளத்திலேயே கிடைக்கும் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற செயலி, செல்போனில் சிக்னலும் இணையமும் இல்லாமலே ஓடிபி எண்ணை உருவாக்கிக் கொடுக்கும். 30 விநாடிக்கு ஒரு முறை எண் மாறும். போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முதல் பதிவுக்குக் குறுஞ்செய்தி வேண்டும் என்பதால் அதை நாமக்கல்லில் இருக்கும்போதே முடித்துவிட்டேன். வங்கி ஓடிபிக்கு இது உதவாது. அதற்குப் போனில் வைஃபை காலிங் வசதியை இயக்கினேன், விசாட் வைஃபை வழியாகவே குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. என் சிம்மில் வந்தது, எங்கள் கணக்காளர் சிம்மில் வரவில்லை. ஆகவே வங்கியில் பதிந்திருக்கும் எண் எது என்று பார்த்து, அந்தச் சிம்மை வைத்தே சோதியுங்கள்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். சமிக்ஞை 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்குவதால், ஒரு சொடுக்குக்குப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு இரண்டு முறை சொடுக்காமல் பொறுத்திருங்கள். கோடை மழை சடசடவென்று அடித்தால் கால் மணி, இருபது நிமிடம் இணைப்பு விழுந்துவிடும். மேகம் கறுத்ததும் பில்லைப் போட்டுவிடுகிறோம். மார்ச் நடுவில் சில நாள் பகலில் சில நிமிடம் நின்றுபோனது. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் ஆண்டுக்கு இரண்டு முறை அப்படி நடக்கும், அது பழுதன்று. முதல் மாதம் இரண்டு மடிக்கணினிகள் ஒரே இரவில் விண்டோஸைப் புதுப்பித்துக்கொண்டு மாத அளவில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கின. மடிக்கணினியில் இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளவுக் கட்டுப்பாடு உள்ளது, என்று குறித்து வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வங்கி முகவராக இருக்கும் அக்கா மாதம் இரண்டு நாள் கைரேகைக் கருவியுடன் எங்கள் மையத்துக்கு வருகிறார். இணைப்பை அடுத்தவருக்கு விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதால், காசு வாங்காமல் அவருக்குத் தரலாமா என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொண்டோம். முதியோர் உதவித்தொகைக்காக ஜீப் பிடித்துச் செம்மேடு போய்வந்த பாட்டிகள் இப்போது களத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாங்குகிறார்கள். "விரலு தேஞ்சு போச்சு சாமி, விழமாட்டேங்குது" என்ற புகார் மட்டும் இன்னும் தீரவில்லை.

பெட்டி இறங்கிய அன்று கையெழுத்துப் போட்ட தாளுக்கு வருகிறேன். பொருள் பெற்றதற்கான சீட்டு என்று நினைத்துத்தான் போட்டேன். அதன் கீழ்ப்பாதியில் 'நிறுவி, இயக்கி ஒப்படைக்கப்பட்டது' என்ற வரியும் அச்சாகியிருந்தது. டிசம்பரில் போட்ட அந்தக் கையெழுத்தைக் காட்டி, டிஷ் பெட்டிக்குள் கிடந்த நாள்களுக்கும் சேர்த்து முதல் கட்டணத்தைப் போட்டுவிட்டார்கள். 'இடம் தயாராக இல்லை' என்று அவர்களுடைய பொறியாளரே எழுதிய அறிக்கையின் நகலை இணைத்து மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். மூன்றுக்கும் 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு நிமிடத்துக்குள் தானியங்கிப் பதில் வந்தது, அதுவும் இதே டிஷ் வழியாகத்தான். அடுத்த வாரம் சேலம் போகிறேன்.