ரிப்போர்ட் வரும் வரை

மார்ச் 3
அக்காவின் பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. அதைச் சீவி வைத்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். காத்திருக்கச் சொன்னார்கள்.

மார்ச் 4
ஒன்றும் வரவில்லை. தாய்மாமாவுக்கு வந்தது என்ன நோய்?

மார்ச் 5
அக்கா தூங்குகிறாள், நான் படித்துக்கொண்டே இருக்கிறேன். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஏபிசி மரபணு. அதன் புரதம் இருக்கும்வரை, செல்லைப் பெருக வைக்கிற பீட்டா-கேட்டனின் என்ற இன்னொரு புரதம் அவ்வப்போது சிதைக்கப்படும். அது போய்விட்டால் பீட்டா-கேட்டனின் செல்லின் கருவுக்குள் குவிந்து, பெருகு பெருகு என்று விரட்டும். குடலின் உள்சுவரில் பாலிப் என்கிற சின்னச் சதை முளைக்கும். அப்புறம் கேராஸ் என்ற மரபணு பழுதாகும், 18ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இழப்பு, பிந்தித்தான் செல்லைக் காவல் காக்கிற பி53. ஃபியரானும் வோகல்ஸ்டைனும் 1990இல் சொன்ன வரிசை இது. எல்லாக் கட்டிகளும் இந்த வழியில் போவதில்லை. ஆனால் பாலிப் புற்றாக மாறப் பத்து வருடம்கூட ஆகலாம் என்ற வரியில் நின்றுவிட்டேன். அத்தனை வருடம் இருந்திருக்கிறது! பாலிப்பாக இருக்கும்போதே கொலனோஸ்கோபியில், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டு, எடுத்துவிட முடியும். ஒருவர்கூட எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. கோபமாக வருகிறது.

மார்ச் 6
தூக்கம் இல்லை.

மார்ச் 8
பாதி ரிப்போர்ட் வந்தது. பி53: அங்கங்கே, மங்கலாக. அக்கா பயந்துவிட்டாள். "காவல் காக்கிற புரதம்னு சொன்னியேடி, அது கம்மியா இருக்காமே?" பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நல்ல பி53 பிறந்த கொஞ்ச நேரத்திலேயே எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை அழித்துவிடும், அதனால் சாயம் மங்கலாகத்தான் விழும். பழுதான பி53தான் அழியாமல் சேர்ந்து, கரு முழுக்க அடர்பழுப்பாகத் தெரியும். துளிகூட இல்லாமல் போனாலும் கெடுதல். அங்கங்கே மங்கல் என்றால் நல்ல அடையாளம். 1979இல் கண்டுபிடித்த புரதம் இது. புற்றை உண்டாக்குவதே இதுதான் என்று பத்து வருடம் நினைத்திருந்தார்கள். 1989இல் பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தபோதுதான் அது புற்றைத் தடுக்கிற பக்கம் என்று தெரிந்தது. அக்கா கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். எனக்கு இன்று சந்தோஷம்.

மார்ச் 10
மீதியும் வந்துவிட்டது. டிஎன்ஏவில் விழும் பிழையைத் திருத்துகிற நான்கு புரதங்களைத் தேடியிருக்கிறார்கள். எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 இருக்கின்றன. எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லை. சாயத்தில் கோளாறு இருக்குமோ என்று கேட்டேன். கட்டிக்கு நடுவே இருக்கும் லிம்போசைட்டுகளில், அதாவது புற்று இல்லாத வெள்ளணுக்களில், சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். அப்படியானால் இல்லை என்றால் இல்லைதான். எம்எல்ஹெச்1 போனால் பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது, கூடவே போகும். டிஎன்ஏ நகலில் விழும் எழுத்துப்பிழையைத் திருத்துகிற ஜோடி அது.

இதில் நம்பிக்கையும் இருக்கிறது. இந்த வகைக் கட்டி பரவினாலும், உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுகிற பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. 2020இலிருந்து முதல் மருந்தாகவே கொடுக்கிறார்கள். இதை மூன்று தடவை அக்காவிடம் சொன்னேன்.

இன்னொன்றைச் சொல்லவில்லை. வயதாக ஆக மெத்திலேற்றத்தால், அதாவது மரபணு மேல் ஒட்டும் ஒரு வேதிக் குறியால், எம்எல்ஹெச்1 தானாக அடங்கிப்போயிருக்கலாம். இல்லையென்றால் பிறவியிலேயே வந்த லிஞ்ச், புற்று வர வைக்கிற பரம்பரைக் கோளாறு. லிஞ்ச் என்றால் அவள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும்தான்.

மார்ச் 11
கட்டியில் பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். அது இருந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. இருக்கட்டும், இருக்கட்டும் என்றே நாள் முழுக்க.

மார்ச் 13
அம்மாவிடம் மாமாவைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "குடல்லதான். நாப்பது கூட ஆகல அவனுக்கு" என்றாள்.

மார்ச் 14
பிராஃப் இல்லை. மெத்திலேற்றமும் இல்லை. நாளை அக்காவுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். எனக்கும் எடுக்கலாமா என்று கேட்டேன். முதலில் அவளுடையது வரட்டும் என்றார்கள்.