போரானும் அப்பாவின் செங்கலும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மொட்டைமாடியில் உட்கார்ந்து தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அணு உலைக்கு யுரேனியம் கிடைச்சா போதும் மாமா, மத்ததெல்லாம் வெறும் சிமென்டும் பைப்பும்தானே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. யுரேனியம் கையில் கிடைத்த பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது என்று நான் பேச ஆரம்பித்து, சட்னி காய்ந்துபோகும்வரை நிறுத்தவில்லை.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே ஏற்காட்டு மலை தெரியும், அதில் அலுமினியத் தாதுவான பாக்சைட். அதற்கு முன்னால் வெள்ளை வெளேரென்று மெக்னீசியத் தாதுவான மேக்னசைட் குவியல்கள். மேற்கே கஞ்சமலை, அதில் மேக்னடைட் என்கிற காந்த இரும்புத்தாது. எங்கள் ஊர்க் கல் எந்த உலைக்குள்ளாவது போனதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் 1940கள், 50களில் உலை கட்டியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த மாதிரிச் சாதாரணக் கற்களிலிருந்து வரும் சரக்கோடுதான்.

அப்பா ஃபயர் பிரிக்ஸ் கம்பெனி லேபில் இருந்தவர். மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் மக்னீசியா நிற்கும், அதில்தான் இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்வார்கள். கடல்தண்ணீரிலிருந்து எடுக்கிற மக்னீசியாவில் போரான் என்கிற தனிமம் ஒட்டிக்கொண்டு வரும், அது துளி இருந்தாலும் செங்கல் சூட்டில் இளகிவிடும் என்று அடிக்கடி சொல்வார். போரான் என்ற பெயரைச் சொல்லும்போதே கடன்காரனைப் பற்றிப் பேசுவது மாதிரி முகம் போகும்.

அதே போரான்தான் சிகாகோவிலும் வில்லன். 1942 டிசம்பர் 2ஆம் தேதி இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு ஓட்டிக்காட்டிய முதல் அணு உலை, கார்பனால் ஆன கிராஃபைட் கட்டிகளை அடுக்கி நடுநடுவே யுரேனியத்தைச் செருகிய ஒரு குவியல். யுரேனிய அணுவைப் பிளக்கிற நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பது கிராஃபைட்டின் வேலை, ஆனால் அதை விழுங்கிவிடக் கூடாது. ஒரு போரான் அணு விழுங்குவது, சுமார் இரண்டு லட்சம் கார்பன் அணுக்கள் சேர்ந்து விழுங்குவதற்குச் சமம். கடையில் கிடைக்கிற கிராஃபைட்டில் போரான் கொஞ்சம் இருக்கும், வேறு எந்த வேலைக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ஃபெர்மியோடு வேலை பார்த்த லியோ சிலார்ட் கிராஃபைட் கம்பெனிக்காரர்களைத் துருவித் துருவிக் கேட்டு, போரான் இல்லாத சரக்கைச் செய்ய வைத்தார். ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்டர் போத்தே அளந்து பார்த்தபோது கிராஃபைட் அதிகமாக விழுங்குவதாகக் கணக்கு வந்தது. அவர்கள் அதே வேலைக்குக் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர், பக்கம் போனார்கள், கடைசிவரை உலை ஓடவில்லை. லேபில் உட்கார்ந்து அசுத்தம் பார்ப்பவனை யாரும் மதிப்பதில்லை என்று அப்பா புலம்புவார். இதைச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த முதல் உலைக்குக் கதிர்வீச்சைத் தடுக்கிற கவசமே கிடையாது, அன்றைக்கு ஓடியது அரை வாட்தான். அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஓடிய எக்ஸ்-10 உலைக்கு 7 அடி கனத்தில் கான்கிரீட் சுவர். யுரேனியத்தைக் காற்றும் தண்ணீரும் அரிக்காமல் இருக்க, அலுமினிய டப்பாவில் அடைத்து உள்ளே தள்ளினார்கள். அலுமினியம் நியூட்ரானைக் கொஞ்சமாகத்தான் தின்னும், அதனால் அந்த மரியாதை. மெக்னீசியம் அதைவிடக் குறைவாகத் தின்னும். அதனால் பிரிட்டிஷ்காரர்கள் 1956இல் கால்டர் ஹால் அணுமின் நிலையத்தில் மெக்னீசியக் கலவையை உறையாகப் போட்டு அதற்கு மேக்னாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தண்ணீரில் அது அரித்துப்போகும். அதனால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஓடவிட்டுத்தான் குளிரவைத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 4இல் மும்பை டிராம்பேயில் ஓட ஆரம்பித்த நம் அப்சரா உலையில் எரிபொருள் அலுமினியக் கலவைத் தகடுகள். எல்லாம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள், அந்தத் தண்ணீரே குளிர்ச்சி, அதுவே கவசம், மேலே நின்று எட்டிப் பார்த்தால் நீல வெளிச்சம்.

"கவசம்னா ஈயம்தானே மாமா?" என்றான். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் ஈய ஏப்ரன் பார்த்த பழக்கம். காமா கதிருக்கு ஈயம் சரி, கனமான எதுவும் சரி. நியூட்ரானுக்கு ஈயம் மட்டும் போதாது, அதன் வேகத்தை உறிஞ்ச, ஏறக்குறைய அதே எடையுள்ள ஹைட்ரஜன் வேண்டும். கேரம்போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுவரில் அடித்தால் அப்படியே திரும்பி வரும், இன்னொரு ஸ்ட்ரைக்கரில் நேராக அடித்தால் நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு உலையில் இரும்புத் தகடு ஒன்று, ஹைட்ரஜன் உள்ள மரநார் அட்டை ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த ரகசியத் திட்டத்தில் மரநார் அட்டை! அப்புறம்தான் கஞ்சமலை வருகிறது. ஜல்லிக்குப் பதிலாக மேக்னடைட் போட்டால் கான்கிரீட் சாதாரணத்தைவிட ஒன்றரை மடங்கு கனமாகும், இரும்பு காமாவைப் பார்த்துக்கொள்ளும், சிமென்ட் பிடித்துவைத்த தண்ணீர் நியூட்ரானைப் பார்த்துக்கொள்ளும். கவசத்தின் தடிமனையும் குறைக்கலாம். சின்ன வயதில் கஞ்சமலை ஓடையில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த மணல்தான் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உலைக்குள் வைத்த பொருள் எதுவும் வைத்தபடி இருப்பதில்லை என்பதையும் சொன்னேன். நியூட்ரான் அடி பட்டுப் பட்டு கிராஃபைட் உப்பும், சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இயற்பியலாளர் விக்னர் முன்கூட்டியே சொன்னது இது. பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் உலையில் 1957 அக்டோபரில் அந்தச் சக்தியை வெளியேற்றுவதற்காகச் சூடாக்கியபோதுதான் தீப்பிடித்தது. யுரேனிய உலோகமும் கதிர்வீச்சில் நீளும், வீங்கும், உறையைக் கிழிக்கும். கடைசியில் உலோகத்தை விட்டுவிட்டு யுரேனியம் டை ஆக்சைடுக்கு வந்தார்கள். உருகுநிலை 2,800 டிகிரிக்கு மேல், நம் மக்னீசியாவும் அதே வட்டாரம்தான். பொடியை அச்சில் அழுத்தி, சுமார் 1,700 டிகிரியில் சுட்டு, விரிசல் விட்டதைக் கழித்துப் போட வேண்டும்.

இது அப்படியே அப்பாவின் வேலை. சூளையிலிருந்து வந்த செங்கலைச் சின்னச் சுத்தியலால் தட்டி, டங் என்றால் ஒருபக்கம், டொக் என்றால் இன்னொரு பக்கம் போடுவார். எரிபொருள் வில்லை விரல்நுனி அளவுதான், தட்டிப் பார்க்கவெல்லாம் முடியாது. ஆனாலும் அவர் கையில் ஒன்று கிடைத்திருந்தால், முதலில் காதுப் பக்கம்தான் கொண்டுபோயிருப்பார்.