பழைய ஜிப்சியின் கார்புரேட்டரும் செங்குத்தான ஏற்றமும்

என்னிடமுள்ள மாருதி ஜிப்சி 970 சிசி எஞ்சினும், பெட்ரோலைக் காற்றுடன் கலந்து அதற்கு அனுப்பும் கார்புரேட்டரும் கொண்ட பழைய வகையைச் சேர்ந்தது. சமதளத்தில் சீராக ஓடும் இத்தகைய வண்டி செங்குத்தான கரடுமுரடு ஏற்றத்தில் மட்டும் திணறி நின்றால், பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள ஜெட்டை மாற்றுவதற்கு முன், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைச் சரிபார்ப்பதே முறை. வண்டி சாயும்போது கிண்ணத்திலுள்ள பெட்ரோலும் ஒருபுறம் ஒதுங்குவதால், மட்டம் தாழ்ந்திருந்தால் ஜெட்டுக்கு எரிபொருள் எட்டாமலும், உயர்ந்திருந்தால் அளவுக்கு மீறி எஞ்சினுக்குள் வழிந்தும் வண்டி அணைந்துவிடுகிறது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசி வால்வு தேய்ந்திருந்தால் எத்தனை முறை திருத்தினாலும் அந்த மட்டம் நிலைக்காது. முழுக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்பவர்கள் இச்சிறு உதிரிபாகத்தைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

ஜெட்டின் அளவு வேறு விவகாரம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பதால், சமவெளிக்குப் பொருந்திய கலவை அங்கே பெட்ரோல் மிகுந்ததாகி, ஸ்பார்க் ப்ளக்கில் கரி படிகிறது. பெரும்பாலும் மலையிலேயே ஓடும் வண்டிக்குச் சற்றுச் சிறிய ஜெட் பொருத்துவது தகும்.