சினை

“சினை வேணுமாண்ணே, தூக்கிப் போட்டுரவா?”

கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார் மீன்கார அக்கா. கெண்டையின் வயிற்றுக்குள் மஞ்சளாக, விரல் நீளத்துக்கு ரெண்டு பை.

“ஐயோ, வேணும்க்கா.” மிளகு போட்டு வறுத்தால் மகள் அதைத்தான் முதலில் தேடுவாள்.

வண்டியை எடுக்கும்போது கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் ஏரி ஞாபகம் வந்தது. பேரே கிடையாது, 260 என்று நம்பர் மட்டும். 2001 முதல் 2003 வரை கேரன் கிட் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அதில் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். (நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!)

ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருப் புரதம் ஊறியது. சிலவற்றின் விந்தகத்துக்குள்ளேயே முட்டை.

நம்ம கெண்டைக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொடிமீன் அங்கே கிட்டத்தட்ட காலி. எதுவும் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை. குஞ்சு வரவில்லை, அவ்வளவுதான். அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீனும் குறைந்தது.

கலப்பதை நிறுத்தினார்கள். சில வருஷத்தில் பொடிமீன் திரும்பியது.

சினையைத் தனிப் பையில் கட்டித் தந்திருந்தார் அக்கா. அதுக்குக் காசு வாங்கவில்லை.